அச்சில் வராத பொன்னிறம்

ஆகஸ்ட் 18

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி? முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா? இல்லை, அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதையே திட்டிக்கொண்டிருக்கிறாரா?

இத்துடன் ஒரு பிலிம் சுருள் வருகிறது. பதினான்கு படம்தான் எடுத்திருக்கிறேன். மிச்சத்தை வீணாக்கிவிட்டேன் என்று உன் ஸ்டுடியோ முதலாளி மாதிரி நீயும் கண்ணை உருட்டாதே. எல்லாம் அன்னப்பறவை என்ற விண்மீன் கூட்டத்தின் அலகு நுனியில் இருக்கும் நட்சத்திரம். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். பெரியது பொன்; பழைய மோதிரத்தில் கொஞ்சம் செம்பு கலந்திருக்குமே, அந்தப் பொன். சின்னது நீலம்; அடுப்பைச் சின்னதாக்கினால் வளையமாக நிற்குமே, அந்த நீலம். செவ்வாய்க்கிழமை ரயில் ஓட்டம் முடிந்து குளித்துவிட்டு ஏழரை மணிக்குக் குவார்ட்டர்ஸ் மாடிக்கு ஏறியவன், எட்டே முக்கால் வரை கண்ணை எடுக்கவில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

கூர்மையாக எடுத்தால் இரண்டும் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். அதனால் குவியத்தை ஒரு மயிரிழை தளர்த்தி, புள்ளியை வட்டாக்கி எடுத்திருக்கிறேன். வட்டில்தான் நிறம் நிற்கும். நோட்டில் எழுதியதை அப்படியே நகல் எடுத்து வைத்திருக்கிறேன். என் கண் சொன்னதும் உன் அச்சு சொல்வதும் ஒத்துப்போகிறதா பார்.

ஒரு நல்ல சேதி. அடுத்த வருடம் சரக்கு வண்டியிலிருந்து பயணிகள் வண்டிக்கு ஏற்றுகிற பட்டியலில் நான் மூன்றாவது. பதினாறு வருடம் சிமெண்டையும் கல்லையும் இழுத்தவனுக்கு மனிதர்களை இழுக்கக் கொடுக்கப் போகிறார்கள்.

லேசாக இருமல். பருவம் மாறுகிறது, அவ்வளவுதான்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள அண்ணா,

உன் கடிதமும் சுருளும் பத்திரமாகச் சேர்ந்தன. நாங்கள் நலம். நாற்காலி மாறவில்லை, திட்டு மட்டும் கூடியிருக்கிறது.

உன் படங்களை அச்சு மிஷினில் போடவில்லை. கறுப்பு வானத்தைக் கண்டால் மிஷின் குழம்பிப்போய் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருட்டறையில் நானே கையால் போட்டேன். ஐந்து துண்டு சோதித்து, மெஜந்தா வடிகட்டியைக் குறைத்து, ஆறாவதில் பிடித்தேன். தாள் தொட்டியிலிருந்து வெளியே வந்தபோது எனக்கே சிலிர்த்தது. நீ எழுதிய அதே செம்புப் பொன். அதே அடுப்பு நீலம்.

ரீடச் மேஜையில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, உங்க அண்ணன் சட்டை பட்டனைப் போய் ஏன் படம் எடுத்திருக்கார்?" என்றாள். நான் விளக்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு பாஸ்போர்ட் படங்களுக்கு மீசை திருத்தப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருடமாக ஊரார் முகத்துக்கெல்லாம் நிறம் பார்க்கிறேன். யாரும் "சரியாக இருக்கிறது" என்று சொன்னதில்லை. நீயாவது சொல்.

இருமலுக்கு யாரிடமாவது காட்டினாயா? அப்பா விஷயத்துக்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தமே ஆகாது என்று உனக்குத் தெரியும். எழுது.

உன் தங்கை


அக்டோபர் 14

அன்புள்ள வாலுக்கு,

நலம்தான். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஓட்டம் அதிகம். உன் அச்சு கச்சிதம். நூற்றுக்கு நூறு. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இருமல் போய்விட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டேன். தொப்பை கரைந்தது என்று வைத்துக்கொள். நீ இந்த விடுமுறைக்கு இங்கே வருவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். வேண்டாம். குவார்ட்டர்ஸில் வெள்ளையடிக்கிறார்கள், படுக்க இடம் இருக்காது. நானே வருகிறேன்.

புதுச் சுருள் ஒன்று அனுப்புகிறேன். இது ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தின் பாதத்தில் இருக்கும் நட்சத்திரம். பொன் கலந்த ஆரஞ்சும் நீலமும், முந்தையதைவிட நெருக்கம். அந்த நீலம் ஒன்றல்ல, அதற்குள்ளேயே இன்னும் இருவர், மூவர் ஒளிந்திருக்கிறார்களாம். என் தொலைநோக்கிக்கு அது எட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஆள். உள்ளே ஒரு குடும்பமே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


நவம்பர் 5

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நீ எழுதுவதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். ஆரஞ்சு அருமையாக விழுந்திருக்கிறது. பழுத்த ஆரஞ்சுத் தோலேதான்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். உன் கடிதத்தின் உறையில் உன் ஊர் முத்திரை இல்லை. மூன்று மணி நேரம் தள்ளி இருக்கும் பெரிய ஊரின் முத்திரை. உன் ஓட்டப் பாதையில் அந்த ஊரே கிடையாது. அங்கே என்ன வேலை? பெண் பார்க்கப் போனாயா? நாற்பத்து நாலு வயதில் புத்தி வந்ததென்றால் எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். புடவையாவது எடுத்திருப்பேன்.

வெள்ளையடிப்பது எத்தனை நாள் நடக்கும் அண்ணா?

உன் தங்கை


டிசம்பர் 7

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன படம் உன் தரத்துக்கு இல்லை. ஆரஞ்சு எங்கே? மண் மாதிரி ஒன்று, சாம்பல் மாதிரி ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தொட்டித் திரவம் பழசாகிவிட்டதா? முதலாளி காசை மிச்சம் பிடிக்கிறாரா? என் நோட்டில் அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிறம் என்ற கட்டத்தை நிரப்ப உன் படத்தை வைத்துப் பார்த்தேன், உதவவில்லை. மறுபடி போட்டு அனுப்பு.

வானமும் இந்த மாதம் சரியில்லை. ஒரே புழுதி மூட்டம். வேட்டைக்காரனின் தோளில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம்கூட வெளிறித் தெரிகிறது.

முத்திரை விஷயம்: நண்பர் ஒருவர் அந்த ஊருக்குப் போனார், அவரிடம் தபாலைக் கொடுத்துவிட்டேன். புடவைக்கு அவசரப்படாதே.

உன் அண்ணன்


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயந்து திரவத்தைச் சோதித்தேன். புதுசு, சூடும் அளவும் சரி. அதே நெகட்டிவில் மறுபடி போட்டேன். ரீடச் அக்கா, கவுண்டரில் இருப்பவர், தாள் கொண்டுவரும் வண்டிக்காரர், மூவரிடமும் ஒன்றும் சொல்லாமல் "இது என்ன நிறம்?" என்று கேட்டேன். மூவரும் ஆரஞ்சு என்றார்கள். வண்டிக்காரர், "ஏம்மா, இதுல என்ன சந்தேகம்? கண்ணுல குத்துதே" என்றார்.

இருந்தாலும் நீ சொன்னதற்காக வேறு மாதிரி ஒன்று போட்டு அனுப்பியிருக்கிறேன். இது சரியாக இருக்கிறதா, பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து எழுது. சீக்கிரம் எழுது. இதற்கு மட்டும் தாமதம் செய்யாதே.

உன் தங்கை


ஜனவரி 4

அன்புள்ள வாலுக்கு,

புது வருடத்தில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் சேரட்டும்.

இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது! பெரிய நட்சத்திரத்தின் பொன்னிறம் கச்சிதம். முன்னாலேயே இப்படிப் போட்டிருந்தால் வாய்ச்சண்டை வந்திருக்காது. நோட்டில் ஒட்டிவிட்டேன். கட்டத்தில் 'பொன்' என்று எழுதியும் விட்டேன்.

இங்கே காலையில் பனி கொட்டுகிறது. என் உதவி டிரைவர் உனக்குத் தெரியுமே, நாங்கள் கணீர் என்று கூப்பிடுவோம், என்னைவிட மூத்தவர். சிக்னல் தெரிந்ததும் இரண்டு பேரும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் நான் முந்திக்கொள்வேன். இப்போது அவரை முதலில் சொல்லவிட்டு நான் பின்னால் சொல்கிறேன். மூத்தவருக்கு மரியாதை. அவருக்கும் சந்தோஷம்.

உன் அண்ணன்


ஜனவரி 9

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

நான் அனுப்பிய படத்தில் பெரிய நட்சத்திரம் பச்சை. பச்சை, அண்ணா. அட்டையில் ஓட்டை போட்டு, அந்த ஒரு வட்டுக்கு மட்டும் வேறு வடிகட்டி வைத்து, வேண்டுமென்றே பச்சையாக அச்சிட்டேன். இலைப் பச்சை. வானத்தில் அப்படி ஒரு நட்சத்திரமே கிடையாது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதைத்தான் நீ பொன் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறாய்.

"ஏய் வாலு, என்ன விளையாட்டு இது?" என்று நீ திட்டி எழுதுவாய் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்தத் திட்டுக்காக இருபது நாள் வாசலில் நின்றேன். உன் கடிதத்தைப் பிரித்து 'கச்சிதம்' என்ற சொல்லைப் படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் வழியில் நாற்சந்தியில் பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள். நான் நின்றேன். மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. எதிரே இருந்த கடைக்காரர், "யாருக்காவது காத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

உன் சிக்னல்கள் ஒற்றை விளக்கு, ஒரே கண்ணாடிக்குள் மூன்று நிறமும் மாறி மாறி வரும் என்று முன்பொருமுறை படம் வரைந்து காட்டினாயே. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துத் தப்பிக்கவும் வழியில்லை. நீ கணீருக்குக் காட்டுவது மரியாதை இல்லை, அண்ணா. அவர் கண்ணை இரவல் வாங்கி வண்டி ஓட்டுகிறாய்.

உனக்கு என்ன ஆயிற்று? எப்போதிலிருந்து? நாளைக்கே வண்டியைவிட்டு இறங்கு. இறங்கிவிட்டு எழுது.

உன் தங்கை


ஜனவரி 30

அண்ணா,

மூன்று வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை தபால் நிலையத்திலிருந்து உன் எஞ்சின் ஷெட்டுக்கு போன் செய்தேன். எடுத்தவர், "அவர் ஓட்டத்துல இருக்காரும்மா, நாளைக்குத்தான் வருவார்" என்றார். வியாழக்கிழமையும் அதே பதில். உயிரோடு இருக்கிறாய் என்று நிம்மதிப்பட்டதா, வண்டியில் இருக்கிறாய் என்று பயந்ததா, எனக்கே தெரியவில்லை. செய்தித்தாளை இவர் பிரிக்கும்வரை நான் பக்கத்தில் போவதில்லை. "ஒண்ணும் இல்ல" என்று அவர் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அண்ணன் வேலை போயிடுமே" என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சுக்கிட்டு நாம வாயை மூடிட்டிருந்தா, அந்த எஞ்சின்ல நாமளும் ஏறி உட்கார்ந்திருக்கோம்னு அர்த்தம்."

உன் ஷெட் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. படி. உன்னைப் பற்றி ஒரு பொய்யும் எழுதவில்லை. பச்சைப் படத்தின் இன்னொரு பிரதியும், அதைப் பொன் என்று உன் கையெழுத்தில் சொல்லும் வரியும் சேர்த்து வைத்திருக்கிறேன். பிப்ரவரி பத்து வரை அது என் பீரோவில் இருக்கும். அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. உன்னைக் காட்டிக்கொடுக்கும் பாவத்தை என் தலையில் வைக்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள வாலுக்கு,

நான் செய்தது தப்பு. மூன்று வாரம் உன் தூக்கம் கெட்டதற்கும் நானே பொறுப்பு.

எல்லாம் சொல்கிறேன். ஆகஸ்டில் வந்தது வெறும் இருமல் இல்லை. அப்பாவுக்கு வந்த அதே காசநோய். கைக்குட்டையில் ரத்தம் பார்த்த அன்று நான் சிறு பிள்ளைபோல் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் பதிவாகிவிடும். எஞ்சினிலிருந்து இறக்கினவனைத் திரும்ப ஏற்றுவது அபூர்வம். அதனால் அந்தப் பெரிய ஊரில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். ஒரு மாதம் விடுப்பு எடுத்து, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். தினம் நான்கு வகை மாத்திரை. வெள்ளையடிப்பு எதுவும் நடக்கவில்லை. நீ வந்து என் மருந்துப் பெட்டியைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவின் கட்டில் பக்கம் உன்னை விடாமல் நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. உன் அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மாத்திரை கொடுக்கும்போதே அந்த மருத்துவர் சொன்னார்: "நாலுல ஒண்ணு சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும். கலர்ல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா ஒரு நாள்கூட தள்ளிப்போடாம வந்துடுங்க." தலையாட்டினேன். நவம்பரில் சிவப்பு வெளிறியபோது வானத்தின் மேல் பழி போட்டேன். பிறகு உன் தொட்டியின் மேல். போனால் மாத்திரையை நிறுத்துவார், நிறுத்தினால் அப்பா மாதிரி ஆகிவிடுவேன் என்ற பயம் ஒரு பக்கம். கண் போய்விட்டது என்று எவனாவது எழுதிக் கொடுத்துவிடுவான் என்ற பயம் இன்னொரு பக்கம். நடுவில் தினம் வண்டி ஏறினேன்.

இப்போது நிம்மதியாக இரு. நேற்று அதிகாரியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை இறக்கிவிட்டார்கள். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் வீணாக இரண்டாவது விசாரணை வரும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. வாசலிலேயே நின்று படித்து முடித்து, வாய்விட்டு அழுதேன். நல்லவேளை, நீயே சொல்லிவிட்டாய். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

ஆனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பத்தாம் தேதி வரை பார்த்தேன். நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். உன் கடிதம் நேற்று வந்திருந்தால் நிச்சயம் போட்டிருக்க மாட்டேன். இன்று ஓடிப்போய்த் தபால் நிலையத்தில் கேட்டேன். "போனது போனதுதாம்மா, வண்டி ஏறியாச்சு" என்றார்கள். உன் அதிகாரியிடம், என் தங்கை அவசரக்காரி என்று சொல்லிவிடு. நீயாகச் சொன்ன நல்ல பெயரை நான் கெடுத்துவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசுகிறது. மன்னித்துக்கொள்.

வியாதியை மறைத்ததற்கு நேரில் சண்டை போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் வந்து சேர்ந்துவிடுவேன். கண் மருத்துவரிடம் சேர்ந்தே போவோம்.

உன் தங்கை


மே 26

அன்புள்ள வாலுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. உடம்பு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நெஞ்சுப் படத்தில் தழும்பு மட்டும்தான் என்கிறார்கள். அந்த ஒரு மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்ததில் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. நிறப் பார்வையைச் சோதிக்கும், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தில் பிப்ரவரியில் ஒரு பக்கமும் படிக்க முடியவில்லை. போன வாரம் பதினான்கில் எட்டு படித்தேன். "மிச்சமும் வரலாம், வராமலும் இருக்கலாம், ஆறு மாசம் பொறுங்க" என்கிறார் மருத்துவர். சிவப்பு வந்துகொண்டிருக்கிறது, தண்ணீரில் நனைத்த சிவப்பாக. தொலைநோக்கியில் பார்க்கிறேன், படமும் எடுக்கிறேன். நோட்டில் நிறக் கட்டத்தை மட்டும் காலியாக விடுகிறேன். தெரியாததை எழுதக் கூடாது என்று இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஷெட் ஆபீஸில் மேஜை வேலை. யார் எந்த வண்டிக்கு என்று பட்டியல் போடுகிறேன்.

பிப்ரவரியில் நீ வந்து நின்றபோது கதவைத் திறந்தேன், வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் சமைத்து வைத்தாய், கண் மருத்துவரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போனாய். போகும்போது மறுபடி மன்னிப்புக் கேட்டாய். நான் சும்மா இருந்தேன். மூன்று மாதமாக அந்த மன்னிப்பு என்னைத் தின்கிறது. இனி முடியாது.

பிப்ரவரி ஐந்தாம் தேதி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீ கடிதத்தைப் போடக் கூடாது என்பதற்காக எழுதிய பொய் அது. பயணிகள் வண்டிக்கு என் முறை வரும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம், அதற்குள் கண் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பதினான்காம் தேதி காலை ஐந்தேகால் மணிக்கு நாற்பத்தெட்டு பெட்டிக் கல் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேனா கையில் இருக்கும்போதே அதிகாரி உள்ளே கூப்பிட்டார். முந்தின நாள் மாலையே உன் உறை வந்துவிட்டதாம், அன்று காலை அவர் வந்ததும் பிரித்திருக்கிறார். மேஜையில் உன் பச்சைப் படம். "இது என்ன கலர்?" என்றார். நான் அப்போதும் அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் முயன்றேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "தெரியல சார்" என்றேன். அவ்வளவுதான். வேறொரு டிரைவர் என் இடத்தில் ஏறினார். நீ வந்தபோது உன்மேல் இருந்த ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் பேசவில்லை.

போன வாரம் கணீர் ஓட்டம் முடிந்து என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். எப்போதும் கூரை அதிரப் பேசுகிறவர், மெதுவாகப் பேசினார். "அந்தப் பதினாலாம் தேதி விஷயம் உன்கிட்ட சொல்லவே இல்லை. சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன்" என்றார்.

பெரிய வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் சிக்னல் டிரைவர் பக்கத்துக்கு மட்டும்தான் தெரியும். உதவி டிரைவரின் பக்கத்தை மலைச்சுவர் மறைக்கும். அந்த இடத்தில் டிரைவர் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். என் பதினாறு வருடத்தில் அது பச்சையைத் தவிர வேறாக இருந்தது ஏழெட்டு தடவை இருக்கும். அதனால் டிசம்பரிலிருந்து அங்கே நான் பார்க்காமலே, பார்த்தாலும் தெரியாமலே, "பச்சை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் "பச்சை" என்று கணீரென்று திருப்பிச் சொல்வார்.

அன்று காலை அது சிவப்பு.

புது டிரைவர் பார்த்துப் பிரேக் பிடித்து, வளைவின் முடிவில் நிறுத்தியிருக்கிறார். முன்னால், நூற்றைம்பது மீட்டர்கூட இல்லை, பயணிகள் வண்டி ஒன்று நின்றிருக்கிறது. பிரேக் குழாயில் ஏதோ கோளாறு. "கடைசிப் பெட்டி ஜன்னல்ல ஒரு அம்மா குழந்தைக்குத் தலை வாரிட்டிருந்தாங்க. நான் எட்டிப் பார்த்துட்டே நின்னேன்" என்றார் கணீர்.

நீ ஒரு நாள் பொறுத்திருந்தால் என் பொய் உன் கைக்கு வந்திருக்கும். நம்பியிருப்பாய். உறையைக் கிழித்திருப்பாய். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்குவதில்லை. அதனால் இனி என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லை எழுதாதே.

அந்தப் பயணிகள் வண்டி பன்னிரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனதாம். உள்ளே இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது.

உன் அண்ணன்